108 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் ஏன் மங்கலாக இருக்கிறது?

கேள்வி – 2024 மார்ச் 2

என் பழைய கைப்பேசியில் 12 மெகாபிக்சல் கேமரா இருந்தது. புதிதாக வாங்கியதில் 108 மெகாபிக்சல்; அதாவது ஒன்பது மடங்கு. ஆனால் வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் பழையவற்றைவிட மோசமாக இருக்கின்றன. முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று தெரிகின்றன. விளக்குகளைச் சுற்றிப் புகைபோல் வெளிச்சம் படர்கிறது. மகன் கொஞ்சம் அசைந்தாலும் உருவம் கலைந்துவிடுகிறது. அமைப்புகளில் எதை மாற்ற வேண்டும்? அல்லது கேமராவில்தான் கோளாறா?

மார்ச் 2, இரவு

முதல் சிக்கல் அந்த "ஒன்பது மடங்கு" கணக்கில் இருக்கிறது. படம் எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே மெகாபிக்சல் சொல்லும். அந்தக் கட்டங்களில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதைச் சொல்லாது. ஒரே வயலுக்குள் கூடுதலாக வரப்பு போட்டால் விளைச்சல் கூடிவிடாது அல்லவா? ஒளியைப் பிடிப்பது லென்ஸுக்குப் பின்னால் உள்ள ஒளியுணர் சில்லான சென்சாரின் பரப்பு. பெரிய கேமராக்களின் முழு அளவு சென்சார் 36 × 24 மி.மீ. இருக்கும். 108 மெகாபிக்சல் சென்சார்களில் பெரியவையே ஏறத்தாழ 9.6 × 7.2 மி.மீ. தான், அதாவது பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் பத்து கோடிக்கு மேல் கட்டங்களை அடைத்தால் ஒவ்வொன்றும் 0.8 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்துக்கு மேல் இருக்க முடியாது. அதனால்தான் சாதாரண நிலையில் உங்கள் கைப்பேசி ஒன்பது கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தையே உங்களிடம் தருகிறது. 108 என்ற முறையைத் தொடவே வேண்டாம்; அது பெட்டியின் மேல் அச்சிடுவதற்காக இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய 12 மெகாபிக்சல் கைப்பேசிகளில் பரவலாக இருந்த சென்சார் சுமார் 5.6 × 4.2 மி.மீ. தான். உங்கள் புதிய சென்சார் அதைவிடப் பெரியதாகவே இருக்கும் என்பதால், படம் முன்பைவிட மேம்பட்டிருக்க வேண்டும். மோசமாகியிருக்கிறது என்றால் காரணம் சென்சாரில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

மார்ச் 3, காலை

நேற்று சென்சாரின் நீள அகலமெல்லாம் சொல்லிவிட்டு, முதலில் கேட்க வேண்டியதைக் கேட்க மறந்துவிட்டேன். லென்ஸைத் துடைத்தீர்களா?

விளக்கைச் சுற்றிப் படரும் புகை விரல் எண்ணெயின் அடையாளம். கைப்பேசியை எடுக்கும்போது ஆள்காட்டி விரல் போய் நிற்கும் இடம் லென்ஸ்தான். அங்கே படிந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் பகலில் படத்தைக் கொஞ்சம் வெளிற வைக்கும். இரவில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கோடுகளை இழுத்துவிடும். மூச்சை ஊதி, மூக்குக்கண்ணாடிக்குத் தரும் மென்மையான துணியால் வட்டமாகத் துடைத்தால் போதும். சட்டை நுனியால் துடைப்பவர்கள் எண்ணெயை இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 3, மாலை

துடைத்தபின் பாதி குறைந்தது, மீதி அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லென்ஸின் மேல் பாதுகாப்புக் கண்ணாடி ஏதாவது ஒட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இதைச் சந்தேகப்பட எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. முன்பு வைத்திருந்த கைப்பேசியில் ஓராண்டுக்கும் மேலாக இப்படியொரு கண்ணாடியை ஒட்டி வைத்திருந்தேன். இரவுப் படங்களில் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் அதன் ஆவிபோல் ஒரு பச்சை உருவம் மிதக்கும். கைப்பேசியைச் செய்த நிறுவனத்துக்கு நீண்ட புகார் எழுதினேன், படங்களையும் இணைத்தேன், பதில் வராததற்குக் கோபமும் பட்டேன். ஒரு நாள் கைப்பேசி கீழே விழுந்து அந்தக் கண்ணாடி விரிசல் விட்டதால் உரித்து எறிந்தேன். அன்று இரவே ஆவிகளில் பெரும்பாலானவை காணாமற்போயின. லென்ஸின் முகப்புக் கண்ணாடிக்கு ஒளி திரும்பித் தெறிக்காதபடி பூச்சு பூசியிருக்கிறார்கள். அதன் மேல் பூச்சில்லாத இன்னொரு கண்ணாடியை வைத்தால் ஒளி இரண்டுக்கும் இடையில் முட்டி மோதித்தான் உள்ளே போகும். புகாரை நான் திரும்பப் பெறவில்லை என்பது வேறு விஷயம்.

மேலுறையையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஃப்ளாஷைச் சுற்றியுள்ள விளிம்பு வெளிர் நிறமாக இருந்தால், அதில் பட்டுச் சிதறும் வெளிச்சம் லென்ஸுக்குள் நுழைந்து படம் முழுவதையும் பனிமூட்டமாக்கிவிடும்.

மார்ச் 4

அடுத்து, அசையும் மகன். எந்த அமைப்பையும் தொடாமல் இதைச் சரிசெய்ய முடியும் என்று சொன்னால் ஏமாற்றுவதாகிவிடும். எல்லா அமைப்புகளையும் தொட்டாலும் இருட்டறையில் சரிசெய்ய முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நடுப்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். இரவில் விளக்கு எரியும் அறையில் நூறு முதல் முந்நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண்ணின் பாவை விரிந்து, மூளையும் ஈடுகட்டிவிடுவதால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. கைப்பேசிக் கேமராவின் துளை பெரும்பாலும் எஃப் 1.8 போன்ற ஓர் அளவிலேயே நிலைத்திருப்பதால், அதனிடம் இரண்டே வழிகள் உள்ளன: ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்வு எண்ணைக் கூட்டிக் கிடைத்த குறிகையைப் பெருக்க வேண்டும். முதலாவது அசைவைக் கலைக்கும். இரண்டாவது புள்ளி புள்ளியாக இரைச்சலைக் கொண்டுவரும்.

இரவு அறையில் கைப்பேசி பெரும்பாலும் 1/30 நொடி அளவில் எடுக்கும். ஓடும் குழந்தைக்கு 1/250 நொடியாவது வேண்டும். ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும் என்பதால், ஐ.எஸ்.ஓ. 400 இருந்த இடத்தில் 3200 தேவைப்படும். லென்ஸின் நடுக்கத் தடுப்பு இங்கே உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தை ஈடுகட்டும், உங்கள் மகனின் ஓட்டத்தை அல்ல. ஆகவே பகலில் அவனை ஜன்னலுக்கு அருகே வரச் செய்யுங்கள். ஜன்னல் அவனுக்குப் பின்னால் இல்லாமல், முகம் அதைப் பார்த்தோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கையால் அமைக்கும் முறை உங்கள் கைப்பேசியில் இருந்தால் ஷட்டரை 1/250-இல் வையுங்கள். ஃப்ளாஷை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். அது முகத்தைச் சுவராக்கும்.

மார்ச் 4, இரவு

மெழுகு முகத்தைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முகத்தை அழகுபடுத்தும் வசதி. பல கைப்பேசிகளில் அது யாரும் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும், சில இடங்களில் முன்பக்கக் கேமராவுக்குத் தனியாகவும் உருவப்பட முறைக்குத் தனியாகவும் அணைக்க வேண்டியிருக்கும். மற்றொன்று இரைச்சல் நீக்கம். ஐ.எஸ்.ஓ. கூடும்போது எழும் புள்ளிகளை மென்பொருள் தேய்த்து அழிக்கிறது; தோலின் துளைகளும் அதற்குப் புள்ளிகளாகவே தெரிவதால் அவற்றையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறது.

இப்போதைய கைப்பேசிகள் தேய்ப்பதோடு நிற்பதில்லை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கின்றன. கூகுள் 2013-இல் நெக்ஸஸ் 5 கைப்பேசியில் எச்.டி.ஆர். பிளஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 2018-இல் அதன் பிக்சல் கைப்பேசிகளுக்கு நைட் சைட் என்ற இரவு முறை வந்தபின் இருட்டுப் படங்களின் தரமே மாறியது. நான்கு படங்களைச் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிவிடும். உங்கள் கைப்பேசியிலும் இரவு முறை இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

மார்ச் 5

மேலே எழுதியதில் இரண்டு தவறுகள். முதலாவதை ஒரு வாசகர் பிடித்துவிட்டார். இரண்டாவது தூங்கப் போகும்போது எனக்கே உறைத்தது.

நான்கு படங்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒன்றாகாது, பாதியாகும். தற்செயலான பிழைகள் ஒன்றையொன்று ஓரளவே ஈடுகட்டுவதால், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே இரைச்சல் குறையும். நான்கில் ஒன்றாக வேண்டுமானால் பதினாறு படங்கள் வேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிட மோசம். ஓடும் குழந்தையைப் பற்றிக் கேட்டவரிடம் இரவு முறையைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். கையில் பிடித்தால் ஓரிரு நொடிகள், முக்காலியில் நிறுத்தினால் அதைவிடவும் நீண்ட நேரம் ஒளியைச் சேர்க்கும் முறை அது. அசையாத கட்டடம், மரம், தெருவிளக்கு போன்றவற்றுக்கு அதைப்போல் உதவுவது வேறில்லை. குழந்தைக்கு அது பகை. மூன்று கைகளுடன் ஒரு படம் வேண்டுமானால் மட்டும் முயன்று பாருங்கள்.

மார்ச் 6

108 முறையைத் தொடவே வேண்டாம் என்று நான் எழுதியதை இருவர் மறுத்திருக்கிறார்கள். தன் கைப்பேசியில் நண்பகலில் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டிய ஒருவரின் படத்தில், தொலைவில் உள்ள பலகையின் எழுத்துகள் 108-இல் கூடுதலாகப் படிக்கும்படி இருக்கின்றன.

என்னிடம் 108 மெகாபிக்சல் கைப்பேசியும் உண்டு, முக்காலியும் உண்டு, சோம்பலும் உண்டு. அதனால்தான் சோதிக்காமல் எழுதினேன். இன்று சோதித்தேன். அவர் சொன்னது சரி. நல்ல வெயிலில், கைப்பேசி ஆடாமல் இருந்தால், இலைகளின் ஓரங்களும் சிறிய எழுத்துகளும் தெளிவாகின்றன. ஆனால் ஒன்பது மடங்கு அல்ல; பெரிதாக்கி, பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவு.

ஏன் அதற்குமேல் போவதில்லை என்பதற்கு ஒளியின் இயல்பே காரணம். எவ்வளவு சிறந்த லென்ஸானாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகக் குவிக்க முடியாது, ஒரு சிறு வட்டமாகவே குவிக்கும். எஃப் 1.8 துளையில் பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2.4 மைக்ரான். 0.8 மைக்ரான் கட்டங்களில் மூன்றை வரிசையாக வைத்தால் அதே 2.4 தான். அதாவது ஒரே புள்ளியின் ஒளி ஒன்பது கட்டங்களில் பரவிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, இந்த வகைச் சென்சாரில் ஒன்பது கட்டங்களுக்கும் ஒரே நிற வடிகட்டிதான். நிறத்தை மீண்டும் அடுக்கிப் பிரிப்பது மென்பொருளின் ஊகம்.

கட்டங்களைச் சேர்ப்பது புதிய தந்திரமும் அல்ல. 2012-இல் வந்த நோக்கியா 808 பியூர்வியூவில் 41 மெகாபிக்சல் சென்சார் இருந்தது. அது வழக்கமாகத் தந்தது 5 மெகாபிக்சல் படம்.

ஆகவே "தொடவே வேண்டாம்" என்பதை "வெயிலில், அசையாத பொருளுக்கு, கைப்பேசியை ஊன்றி வைத்து மட்டும்" என்று மாற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 8

ஜூம் பற்றிக் கேட்டவருக்கு: திரையில் இரு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது படத்தை வெட்டுவதற்குச் சமம். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் கட்டங்களில் நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். முடிந்தால் நடந்து அருகே போங்கள். தனி ஜூம் லென்ஸ் இருந்தாலும் இருட்டில் பல கைப்பேசிகள் அதை விட்டுவிட்டு முதன்மைக் கேமராவின் படத்தையே வெட்டித் தருகின்றன. இதைக் கண்டுபிடிக்க ஜூமில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடுங்கள். எதை மூடும்போது திரை இருள்கிறதோ அதுதான் வேலை செய்கிறது.

மார்ச் 9

கேட்டவர் இன்று மூன்று மாதிரிப் படங்களை அனுப்பியிருக்கிறார். திறந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் 1600 × 1200 அளவில் இருக்கிறது. அதாவது இரண்டு மெகாபிக்சலுக்கும் குறைவு. 12 மெகாபிக்சலில் ஆறில் ஒரு பங்கு.

விசாரித்ததில் தெரிந்தது: புதிய கைப்பேசியில் படம் எடுப்பது பெரும்பாலும் இவருடைய மனைவி. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இவர் தன் கைப்பேசியில் பார்க்கிறார். பழைய கைப்பேசியின் படங்களையோ நேரடியாக அதன் கேலரியிலேயே பார்த்துவந்திருக்கிறார். ஒரு வாரமாக நான் செய்தது நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதிய வைத்தியம்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவது மட்டுமல்ல, ஜேபெக் முறையில் மீண்டும் அழுத்தவும் செய்கிறது. ஜேபெக் படத்தை 8 × 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்மையை முதலில் தூக்கி எறியும். தோல், துணி, முடி ஆகியவற்றின் நுண்மைதான் முதலில் போகும். ஏற்கெனவே மென்பொருள் தேய்த்த முகம் இதிலும் ஒருமுறை தேய்ந்தால் மெழுகுதான் மிஞ்சும். 2023 முதல் அனுப்பும்போது எச்.டி. என்ற தெரிவு இருக்கிறது. அதுவும் சற்றுச் சுருக்கவே செய்யும். மூலப்படம் அப்படியே போய்ச்சேர வேண்டுமானால் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும்.

இனி யார் கேட்டாலும் முதல் கேள்வி "துடைத்தீர்களா?", இரண்டாவது கேள்வி "எங்கே பார்த்தீர்கள்?"

மார்ச் 10

ஃப்ளாஷை நிரந்தரமாக அணைக்கச் சொன்னதையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வெளிச்சமான வானமோ ஜன்னலோ பின்னணியில் இருந்து முகம் கறுத்துப்போகும்போது, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தொலைவில் ஃப்ளாஷ் நன்றாகவே உதவுகிறது. தொலைவு இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதால், அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கி ஃப்ளாஷ் அடிப்பவர்கள் முன்வரிசைத் தலைகளைத்தான் படமெடுக்கிறார்கள்.

மார்ச் 12

என்னுடைய 1/250 அறிவுரையைப் பின்பற்றிய ஒருவரின் படத்தில் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள் விழுந்திருக்கின்றன. கைப்பேசி கெட்டுவிட்டதோ என்று பதறியிருக்கிறார். இல்லை, என் அறிவுரையில்தான் ஓட்டை.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் இந்த ஏற்ற இறக்கம் கடுமையாக இருக்கும். கைப்பேசிச் சென்சார் படத்தை ஒரே கணத்தில் படிப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. ஷட்டர் 1/250-இல் இருந்தால் சில வரிகளுக்கு விளக்கு பிரகாசமாகவும் சில வரிகளுக்கு மங்கலாகவும் இருக்கும், அதுவே பட்டை. 50 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120 என்று வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்பு கிடைத்துப் பட்டை மறைந்துவிடும். எனவே 1/250 பகல் வெளிச்சத்துக்கு மட்டும். விளக்கொளியில் 1/100 வைத்துக்கொண்டு, ஊஞ்சல் உச்சியில் நிற்கும் கணம்போல, குழந்தை திசை திரும்பும் நொடிக்காகக் காத்திருங்கள். பெரிய வேகமெல்லாம் அந்த நொடியில் தணிந்துவிடும்.

மார்ச் 15

ரா கோப்பில், அதாவது கைப்பேசி திருத்தாத மூலத் தரவாக, எடுத்தால் தரம் கூடுமா என்ற கேள்வி எதிர்பார்த்ததே. ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதலும், ஐஃபோன்களில் 2016-இல் வந்த ஐ.ஓ.எஸ். 10 முதலும் இதற்கு இடமிருக்கிறது.

மூன்று மாதம் எல்லாப் படங்களையும் ராவில் மட்டும் எடுத்தேன். வல்லுநர் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. பிறகு கணினியில் திறந்தபோது, கைப்பேசி தானாகத் தந்திருக்கக்கூடிய படத்தைவிட என்னுடையவை பெரும்பாலும் மோசமாக இருந்தன. தனிச் செயலியில் எடுக்கும் ரா கோப்பு பொதுவாக ஒரே படம்; கைப்பேசி பல படங்களைச் சேர்த்துக் குறைத்த இரைச்சல் முழுவதும் அதில் அப்படியே இருக்கும். அதை நீக்க நானும் தேய்த்தேன், என் முகங்களும் மெழுகாயின.

ஆனால் விளக்கின் மஞ்சள் படிந்த படங்களைத் திருத்தும்போது ரா கைகொடுத்தது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 10 பிட் ரா கோப்பில் 1024. நிறத்தை இழுத்து மாற்றினாலும் படிப்படியாக உடைந்து தெரியாது. வானத்தின் வெளுத்த பகுதியையும் ஓரளவு மீட்கலாம், முழுவதும் வெளுத்துவிட்டதை எதிலும் மீட்க முடியாது. அதற்கு எடுக்கும்போதே திரையில் ஒளியுள்ள இடத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்து, படத்தைச் சற்று இருட்டாக்குவதே வழி. நிழலை பிறகு தூக்கலாம்.

மார்ச் 21

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். லென்ஸ் மேல் கண்ணாடி ஒட்டியிருந்தது உண்மைதானாம். கடையிலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டதால் அது கேமராவின் பகுதி என்று நினைத்திருந்தாராம். உரித்துவிட்டார். அழகுபடுத்தும் வசதியையும் அணைத்துவிட்டார். மகன் ஜன்னலோரம் நிற்கும் படத்தை ஆவணமாக அனுப்பியிருக்கிறார், இமைமயிரை எண்ணலாம்.

புதிய குறை: மகனின் மூக்கு பெரிதாகத் தெரிகிறது. லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். முதன்மைக் கேமரா அகலமாகப் பார்ப்பதால் முகம் திரையை நிரப்ப வேண்டுமென்று மிக அருகே போய்விடுகிறோம், முப்பது செ.மீ. தொலைவில் காதைவிட மூக்கு கணிசமாக அருகில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

மார்ச் 21, இரவு

ஜூம் செய்தால் கட்டங்களில் நான்கில் ஒன்றுதான் மிஞ்சும் என்று 8ஆம் தேதி எழுதிவிட்டு இப்போது ஜூமில் எடுக்கச் சொல்கிறீர்களே என்று ஒருவர் மடக்கிவிட்டார். நியாயம்தான். நான்கில் ஒன்று என்பது 12-இல் நான்கில் ஒன்றா, 108-இல் நான்கில் ஒன்றா என்று அன்று நான் சொல்லவில்லை. சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டினாலும் 108-இல் 27 மெகாபிக்சல் மிஞ்சும். இரண்டு மடங்கு பொத்தானுக்கு அந்தக் கட்டங்களைப் பயன்படுத்தும் கைப்பேசிகளில் பகல் படம் 12 மெகாபிக்சலுக்குத் தாராளமாகப் போதும். பெட்டியின் மேல் அச்சிடுவதற்காக என்று முதல் நாள் நான் கேலி செய்த அதே எண்தான் இங்கே உதவுகிறது. இரவில் இந்தச் சலுகை கிடையாது. பரப்பு நான்கில் ஒன்றாகும்போது ஒளியும் நான்கில் ஒன்றாகிவிடும். அப்போது ஜூமைத் தொடாமல் அதே ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டிய படம் சிறியதாக இருக்கும், மூக்கு சரியாக இருக்கும்.